ஒரு பத்தியைப் படித்து ஆங்கிலத்தில் கருத்து எழுதுவது எப்படி? தேவையான தொடர்களுடன் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பத்தியையோ கவிதையையோ கொடுத்து, 'இதை ஆராய்ந்து உன் கருத்தை ஆங்கிலத்தில் எழுது' என்றால் பல மாணவர்களுக்குக் கை ஓடுவதில்லை. படித்தது புரிந்திருக்கும், சொல்ல வேண்டியதும் மனத்தில் இருக்கும். தமிழில் கேட்டால் நிறுத்தாமல் பேசுவார்கள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் 'தி ரைட்டர் சேஸ் தட்' என்று ஒரு வரி வரும். அடுத்த வரியும் 'தி ரைட்டர் சேஸ் தட்'தான். அதோடு பேனா நின்றுவிடும்.

அப்போது யாராவது நூறு தொடர்கள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதை மனப்பாடம் செய்து இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒட்டினால் கட்டுரை பார்க்கப் பகட்டாக இருக்கும், படித்தால் ஒட்டாது. ஏனென்றால் ஒவ்வொரு தொடரும் ஒரு பொறுப்பைச் சுமந்து வருகிறது. 'சஜஸ்ட்ஸ்' என்று எழுதினால், 'ஆசிரியர் இதை நேராகச் சொல்லவில்லை, குறிப்பால் உணர்த்துகிறார்' என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். எந்தச் சொல் அதை உணர்த்தியது என்று அடுத்த வரியில் காட்டாவிட்டால் அந்த வாக்குப் பொய்த்துவிடும். ஆகவே இங்கே தொடர்களை அவற்றின் வேலையை வைத்தே அறிமுகப்படுத்துகிறேன்.

தொடர்களைத் தமிழ் எழுத்தில் தருவது வேண்டுமென்றேதான். முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். காதுக்குப் பழகிய பிறகு, அகராதியைப் பார்த்து ஆங்கில எழுத்தில் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாவில் தங்காத தொடர் தேர்வு அறையில் கைக்கு வராது.

பழகிப் பார்க்க இந்த வழிகாட்டிக்காகவே இரண்டு வரிகள் எழுதியிருக்கிறேன்:

'தி ஓல்ட் மேன் ஃபோல்டட் தி லெட்டர் ஒன்ஸ், ட்வைஸ், அண்ட் தென் அகெய்ன், அன்டில் தேர் வாஸ் நத்திங் லெஃப்ட் டு ஃபோல்ட். "இட் வில் ரெயின்," ஹி செட்.'

முதியவர் கடிதத்தை ஒருமுறை மடித்தார், இருமுறை மடித்தார், மறுபடியும் மடித்தார், மடிக்க இனி இடமே இல்லை என்னும்வரை. பிறகு 'மழை வரும்' என்றார். அவ்வளவுதான் கதை.

முதல் படி: தமிழிலேயே யோசியுங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்போகிறோம் என்பதற்காக ஆங்கிலத்தில்தான் சிந்திக்க வேண்டும் என்பதில்லை. பத்தியின் ஓரத்தில் மூன்று கேள்விகளுக்குத் தமிழில் விடை குறியுங்கள். என்ன நடக்கிறது? அது எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது? ஏன் அப்படி?

முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இலக்கியத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியவற்றை ஆராய்ந்து 1929இல் ஒரு நூலாக வெளியிட்டார். வாசகர்களுக்கு நேரும் இடர்ப்பாடுகளை அதில் வரிசைப்படுத்தியபோது, முதலிடத்தில் அவர் வைத்தது கவிதையின் நேர்ப்பொருளையே பிடிக்க முடியாமல் போவதைத்தான். நன்கு படித்த மாணவர்களுக்கே நேர்ந்தது அது.

நம் பத்திக்கு என் குறிப்பு இது: கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. மடிப்புகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. வாய் திறந்ததும் பேச்சு மழைக்குப் போய்விடுகிறது. எழுதுவதற்கு இந்த மூன்றும் போதும்.

இரண்டாம் படி: தொடக்க வரி

தொடக்கத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். 'தி பேசேஜ் டீல்ஸ் வித்' என்றால் இன்னதைப் பற்றியது. 'டிஸ்கிரைப்ஸ்' என்றால் வருணிக்கிறது. 'எக்ஸ்ப்ளோர்ஸ்' என்றால் ஒரு கருத்தைப் பல கோணங்களில் துருவிப் பார்க்கிறது. கடைசிச் சொல்லை எல்லாவற்றுக்கும் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. ஒரு காட்சியை மட்டும் காட்டும் பத்தி எதையும் துருவுவதில்லை, அதற்கு 'டிஸ்கிரைப்ஸ்' போதும். எங்கே, எப்போது நடக்கிறது என்று பத்தியில் தெரிந்தால் 'செட் இன்' என்று சேர்க்கலாம். கதையை யார் சொல்கிறார் என்பது முக்கியமானால் 'டோல்ட் இன் தி ஃபர்ஸ்ட் பர்சன்' அல்லது 'தர்ட் பர்சன்', அதாவது தன்மையில் அல்லது படர்க்கையில்.

'இந்தப் பத்தி மிக அருமையானது, ஆழமானது' என்று தொடங்காதீர்கள். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமையை இன்னும் நீங்கள் சம்பாதிக்கவில்லை.

மூன்றாம் படி: 'தி ரைட்டர்' என்பதற்குப் பிறகு வரும் வினைச்சொல்

என்னைக் கேட்டால் ஒரு கட்டுரையின் தரம் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். வாசகர் எவ்வளவு கூர்ந்து படித்தார் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நம் பழைய உரையாசிரியர்களைப் பாருங்கள். 'என்றார்' என்பது ஓரிடம், 'என்பது கருத்து' என்பது வேறிடம், 'பெறப்படும்' என்பது இன்னோரிடம். நேராகச் சொன்னது, சொன்னதன் உட்கருத்து, சொல்லாமலே நமக்குக் கிடைப்பது என்று மூன்றையும் அவர்கள் கலக்கவிடுவதில்லை. ஆங்கிலத்தில் அதே வேலையை வினைச்சொற்கள் செய்கின்றன.

நேராகச் சொன்னதற்கு 'ஸ்டேட்ஸ்'. குறிப்பால் உணர்த்தியதற்கு 'சஜஸ்ட்ஸ்' அல்லது 'இம்ப்ளைஸ்'. காரணம் காட்டி நிலைநாட்ட முயன்றால் 'ஆர்க்யூஸ்'. அழுத்திச் சொன்னால் 'எம்ஃபசைசஸ்'. தமக்குப் பாதகமானதையும் ஒப்புக்கொண்டால் 'அட்மிட்ஸ்'.

இரண்டு சொற்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 'பாயின்ட்ஸ் அவுட்' என்பது சுட்டிக்காட்டுகிறார் என்று பொருள்படும். இருப்பதைத்தானே சுட்ட முடியும்? ஆகவே இதை எழுதும்போது, ஆசிரியர் சொன்னது உண்மை என்று நீங்களும் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுகிறது. 'கிளெய்ம்ஸ்' அதற்கு எதிர்ப்பக்கம். அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், நான் இன்னும் ஏற்கவில்லை என்ற விலகல் அதில் இருக்கிறது. ஒரு கட்டுரையை முழுமனத்தோடு பாராட்டிய மாணவி ஒருவர், வரிக்கு வரி 'கிளெய்ம்ஸ்' என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு அவர் ஆசிரியரைச் சந்தேகிப்பதாகவே பட்டது. வினைகளை மாற்றியதும் அதே கட்டுரை அவர் நினைத்ததைச் சொன்னது.

இன்னொரு இணை: 'இம்ப்ளை', 'இன்ஃபர்'. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் தடுமாறுகிறார்கள். நமக்கு எளிது. நம்மிடம் 'உணர்த்து', 'உணர்' என்ற பிறவினையும் தன்வினையும் இருக்கின்றன. குறிப்பால் உணர்த்துவது பனுவல் (நாம் படிக்கும் எழுத்து), அது 'இம்ப்ளைஸ்'. குறிப்பால் உணர்வது வாசகர், 'வி கேன் இன்ஃபர் தட்'. இதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் பிறகு தவறாது.

'டிரைஸ் டு சே', 'வான்ட்ஸ் டு சே' என்பவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். தமிழில் 'ஆசிரியர் சொல்ல வருவது' என்பது இயல்பான பேச்சு. ஆங்கிலத்தில் 'டிரைஸ் டு சே' என்றால் முயன்றார், முடியவில்லை என்ற சாயல் வந்துவிடும்.

காலம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் 'கூறினார்', 'கூறுகிறார்' இரண்டும் செல்லும். ஆங்கிலத்தில் இலக்கியப் பனுவலைப் பற்றி எழுதும்போது நிகழ்காலமே மரபு. எழுதியவர் மறைந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தாலும் 'தி ரைட்டர் சஜஸ்ட்ஸ்' என்றுதான் வரும். மேற்கோளுக்குள் 'ஃபோல்டட்' என்று இறந்தகாலம் இருக்கலாம், உங்கள் வரியில் 'தி ஓல்ட் மேன் ஃபோல்ட்ஸ்' என்றே எழுதுங்கள். நூல் எந்த ஆண்டில் வெளிவந்தது, ஆசிரியர் எங்கே வாழ்ந்தார் போன்ற வரலாற்றுச் செய்திகளுக்கு மட்டும் இறந்தகாலம்.

'ரைட்டர்' யார் என்பதிலும் கவனம் தேவை. கதையில் 'நான்' என்று பேசுபவர் எழுத்தாளர் ஆகமாட்டார், அவர் 'தி நெரேட்டர்'. கவிதையில் பேசும் குரல் 'தி ஸ்பீக்கர்'.

நான்காம் படி: மேற்கோளைப் பொருத்துதல்

'திஸ் கேன் பி சீன் இன்' என்றால் இதை இன்ன இடத்தில் காணலாம். 'தி ஃபிரேஸ்' என்று தொடங்கி, மேற்கோளைக் கொடுத்து, 'ஷோஸ்' அல்லது 'சஜஸ்ட்ஸ்' என்று முடிப்பது இன்னும் நேரான வழி. முழு வாக்கியத்தையும் பெயர்த்து எழுதத் தேவையில்லை. எந்தச் சொற்களைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ அவற்றை மட்டும் எடுங்கள். நம் பத்தியில் 'நத்திங் லெஃப்ட் டு ஃபோல்ட்' என்ற நான்கு சொற்கள் போதும்.

மேற்கோள் உங்கள் வாக்கியத்தோடு இலக்கணப்படி இழைய வேண்டும். மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் ஓடினால் சரி. 'க்வோட்' என்பதை மேற்கோள் காட்டு என்ற வினையாகவும், மேற்கோள் என்ற பெயர்ச்சொல்லுக்குக் 'கொட்டேஷன்' என்பதையும் வைத்துக்கொள்வது தேர்வு எழுத்துக்குப் பாதுகாப்பானது.

ஐந்தாம் படி: அதன் விளைவைச் சொல்லுதல்

மதிப்பெண் பெரும்பாலும் கரைவது இங்கேதான். மாணவர்கள் உவமை, உருவகம், திரும்பக் கூறல் என்று அணியின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 'தி ரைட்டர் யூசஸ் ரெபிடிஷன்' என்பது சரியான வரிதான். ஆனால் பெயர் சொன்னதோடு விளக்கம் முடிந்துவிடவில்லை. திரும்பச் சொன்னதால் இந்த இடத்தில் என்ன நேர்ந்தது?

இதற்கு என் கையில் உள்ளதிலேயே சிறந்த அமைப்பு 'பை' என்று தொடங்குவது. 'பை ரிப்பீட்டிங்', 'பை கவுன்டிங்', 'பை லீவிங் அவுட்'. பின்னால் ஒரு காற்புள்ளி, அதன்பின் 'தி ரைட்டர்', அதன்பின் ஒரு வினை. 'இப்படிச் செய்வதன் மூலம் ஆசிரியர் இதைச் சாதிக்கிறார்' என்ற அமைப்பு இது. உத்தியும் விளைவும் ஒரே வாக்கியத்தில் வந்தாக வேண்டும் என்பதால், பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது. 'பை கவுன்டிங் தி ஃபோல்ட்ஸ், தி ரைட்டர் ஸ்லோஸ் தி மொமென்ட் டவுன்': மடிப்புகளை எண்ணிச் சொல்வதால் அந்தக் கணம் மெதுவாகிறது. எழுதியது உண்மையா என்று பத்தியிலேயே சரிபார்க்கலாம். மூன்று மடிப்புக்கும் தனித்தனிச் சொல் கொடுத்திருப்பதால், நாமும் மூன்று முறை நின்றுதான் படிக்கிறோம்.

சொல்லின் சாயலைப் பேச 'ஹேஸ் கானடேஷன்ஸ் ஆஃப்', உணர்வை எழுப்புவதற்கு 'இவோக்ஸ்', சூழலை உருவாக்குவதற்கு 'கிரியேட்ஸ் எ சென்ஸ் ஆஃப்'. மூன்றாவது தொடருக்குப் பின் என்ன உணர்வு என்று துல்லியமாக எழுத வேண்டும். வெறும் 'மூட்', 'ஃபீலிங்' என்று எழுதினால் அந்த வரி காலியாகிவிடும். 'மேக்ஸ் தி ரீடர் வான்ட் டு ரீட் ஆன்', மேலும் படிக்கத் தூண்டுகிறது, என்ற வரியையும் தவிர்த்துவிடுங்கள். எந்தப் பத்திக்கும் பொருந்தும் வரி உங்கள் பத்தியைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

மழையைப் பாருங்கள். மழை என்றதும் 'ரெயின் சிம்பலைசஸ் சாட்னெஸ்', மழை சோகத்தின் குறியீடு, என்று எழுதக் கை பரபரக்கும். முன்பே மனத்தில் தயாராக இருக்கும் இத்தகைய எதிர்வினையையும் ரிச்சர்ட்ஸ் தம் வரிசையில் சேர்த்திருந்தார். நம் பத்தியில் மழை பெய்யவே இல்லை. முதியவர் மழையைப் பற்றிப் பேசுகிறார், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது மழையை அல்ல, கடிதத்தை விட்டுவிட்டு அவர் வேறொன்றைப் பேசுவதை.

ஆறாம் படி: எவ்வளவு உறுதி?

தமிழில் 'எனலாம்', 'எனத் தோன்றுகிறது', 'போலும்' என்று உறுதியைக் கூட்டிக் குறைக்கிறோம். ஆங்கிலத்தில் 'சீம்ஸ் டு', 'பெர்ஹாப்ஸ்', 'மே சஜஸ்ட்', 'குட் பி ரெட் ஆஸ்' ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. பத்தியில் அச்சாகியிருப்பதற்கு இவை வேண்டாம். முதியவர் கடிதத்தை மடித்தார் என்பதில் ஐயமில்லை. ஏன் மடித்தார் என்பது உங்கள் ஊகம், அங்கே 'பெர்ஹாப்ஸ்' போடுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒன்றே போதும். 'இட் மே பெர்ஹாப்ஸ் சீம் டு சஜஸ்ட்' என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பணிவு போய்ப் பயம்தான் தெரியும்.

ஏழாம் படி: இரண்டு பனுவல்களை ஒப்பிடுதல்

'சிமிலர்லி' ஒற்றுமைக்கு, 'வேராஸ்' வேற்றுமைக்கு. 'வேராஸ்' இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே நிறுத்துவதால் ஒப்பீட்டுக்கு மிகவும் கைகொடுக்கும்.

'ஆன் தி கான்ட்ரரி' என்பதைப் பலர் 'மறுபுறம்' என்ற பொருளில் எழுதுகிறார்கள். அது சற்றுமுன் சொல்லப்பட்டதை மறுக்கும் தொடர்: 'அவர் அமைதியாக இல்லை, மாறாக, கலங்கியிருக்கிறார்.' இரண்டு பனுவல்களின் வேறுபாட்டைக் காட்ட 'பை கான்ட்ராஸ்ட்' என்று எழுதுங்கள்.

எட்டாம் படி: உங்கள் கருத்து

ஆராய்ச்சி வேறு, கருத்துரை வேறு. ஒரு வாதத்தை முன்வைக்கும் கட்டுரை கிடைத்தால், அது என்ன சொல்கிறது என்று காட்டிய பிறகு, அது நிற்குமா என்றும் சொல்ல வேண்டும். 'எல்லாம் இணையத்தில் கிடைப்பதால் இனி நூலகங்கள் தேவையில்லை' என்று ஒரு கட்டுரை வாதிடுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த வாதம் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். 'தி ஆர்க்யுமென்ட் ரெஸ்ட்ஸ் ஆன் தி அசம்ப்ஷன் தட்' என்று தொடங்கி அதை வெளியே எடுத்து வையுங்கள்: எல்லாரிடமும் இணைய வசதி இருக்கிறது என்ற அனுமானம். அடுத்து, 'ஹவெவர், தி ரைட்டர் ஓவர்லுக்ஸ்' என்று விடுபட்டதைக் காட்டுங்கள்: அமைதியாக உட்கார்ந்து படிக்க ஓர் இடம் தேவைப்படுபவர்கள். சரியாகச் சொன்னதை ஒப்புக்கொள்வதும் நேர்மை. 'தி ரைட்டர் ரைட்லி பாயின்ட்ஸ் அவுட்' என்பது அதற்கு. ஒப்புக்கொண்டு மறுக்க 'ஆல்தோ' என்று தொடங்கலாம். ஆனால் அதே வாக்கியத்தின் நடுவில் 'பட்' வரக்கூடாது. இரண்டில் ஒன்றுதான்.

'அக்கார்டிங் டு மீ' என்பது 'என்னைப் பொறுத்தவரை' என்பதிலிருந்து நேராக வந்தது. 'அக்கார்டிங் டு' பிறர் கருத்தை எடுத்துச் சொல்லும்போது மட்டும். உங்கள் கருத்துக்கு 'இன் மை வியூ'. அதைவிடவும் நல்லது, 'ஐ ஃபைண்ட் திஸ் கன்வின்சிங் பிகாஸ்' என்று காரணத்தோடு கட்டிப்போடுவது. 'பிகாஸ்' என்று எழுதிவிட்டால் காரணம் சொல்லாமல் தப்ப முடியாது.

'பற்றி' செய்யும் குறும்பு

'பற்றி விவாதிக்கிறார்', 'பற்றிக் குறிப்பிடுகிறார்', 'பற்றி வருணிக்கிறார்' என்ற தமிழ் வழக்கால், 'டிஸ்கஸ் அபௌட்', 'மென்ஷன் அபௌட்', 'டிஸ்கிரைப் அபௌட்' என்று எழுதிவிடுகிறோம். இந்த மூன்று வினைகளும் 'அபௌட்' இல்லாமல் நேராகச் செயப்படுபொருளை ஏற்கும். 'எம்ஃபசைஸ் ஆன்' என்பதும் அப்படியே பிழை. 'எம்ஃபசிஸ்' என்று பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டுமே 'ஆன்' சேரும். 'டெல்ஸ்' என்ற வினையோடு 'தட்' வருமானால் இடையில் யாரிடம் என்று வந்தாக வேண்டும், ஆகவே 'டெல்ஸ் அஸ் தட்'. 'சஜஸ்ட்ஸ்' நேர்மாறு, அதற்குப் பின் 'அஸ்' வராது.

எல்லாம் சேர்ந்து ஒரு பத்தி

நம் இரண்டு வரிகளுக்கு நான் எழுதும் கருத்துரை இது:

'தி ரைட்டர் நெவர் டெல்ஸ் அஸ் வாட் தி லெட்டர் சேஸ். இன்ஸ்டெட், பை கவுன்டிங் தி ஃபோல்ட்ஸ், தி பேசேஜ் மேக்ஸ் அஸ் வாட்ச் தி ஓல்ட் மேன்ஸ் ஹேண்ட்ஸ். தி ஃபிரேஸ் "நத்திங் லெஃப்ட் டு ஃபோல்ட்" சஜஸ்ட்ஸ் தட் ஹி வான்ட்ஸ் டு மேக் தி நியூஸ் ஸ்மாலர், பெர்ஹாப்ஸ் ஈவன் டு மேக் இட் டிஸப்பியர். வென் ஹி ஃபைனலி ஸ்பீக்ஸ், ஹி ஸ்பீக்ஸ் ஒன்லி ஆஃப் தி வெதர், விச் இம்ப்ளைஸ் தட் தி லெட்டர் இஸ் டூ பெயின்ஃபுல் டு டிஸ்கஸ்.'

கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லப்படவில்லை. மடிப்புகளை எண்ணுவதால் நம் கண் அவர் கைகளின்மேல் நிற்கிறது. மடிக்க இடமில்லாத வரை மடிப்பது, அந்தச் செய்தியையே சிறிதாக்க, ஒருவேளை இல்லாமலாக்க, அவர் விரும்புவதை உணர்த்துகிறது. கடைசியில் வாய் திறக்கும்போதும் வானிலையைத்தான் பேசுகிறார். கடிதம் பேச முடியாத அளவு வலி தருவது என்று அதிலிருந்து தெரிகிறது.

நான்கு வாக்கியங்களில் எத்தனை தொடர்கள் என்று எண்ணிப் பாருங்கள்: 'இன்ஸ்டெட்', 'பை கவுன்டிங்', 'தி ஃபிரேஸ்', 'சஜஸ்ட்ஸ்', 'பெர்ஹாப்ஸ்', 'இம்ப்ளைஸ்'. ஆறுதான். 'பெர்ஹாப்ஸ்' எங்கே விழுந்திருக்கிறது என்றும் பாருங்கள். செய்தியைச் சிறிதாக்க விரும்புகிறார் என்பதற்கு மடிப்பே சான்றாக நிற்கிறது. இல்லாமலாக்க விரும்புகிறார் என்பது என் ஊகம், அதனால்தான் அந்தச் சொல் அங்கே தேவைப்பட்டது.

பழகும் முறை

குறிப்பேட்டில் தொடர்களை அகர வரிசையில் எழுத வேண்டாம். தொடங்க, மேற்கோள் காட்ட, விளைவைச் சொல்ல, உறுதியைக் குறைக்க, ஒப்பிட, மறுக்க என்று வேலைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று தொடர்கள் இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே நீங்களே எழுதிய ஒரு வாக்கியம் இருக்க வேண்டும், எங்கிருந்தாவது பார்த்து எழுதியது உதவாது.

வாரம் ஒரு சிறு பத்தியை எடுத்து நான்கு வாக்கியங்களில் கருத்துரை எழுதுங்கள். மறுநாள் ஒரு பென்சிலோடு உட்கார்ந்து 'தி ரைட்டர்' என்பதற்குப் பின் வந்த வினைகளை மட்டும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும், இந்த வினையை நியாயப்படுத்தும் சொல் மூலப் பத்தியில் எது என்று தேடிக் கோடிடுங்கள். கோடு கிடைக்காத வட்டத்துக்கு வினையை மாற்றுங்கள், அல்லது அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.